பாதித் தலையோடு ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு வாய்ச்சண்டையில் பிறந்தது. அரசாங்கம் மூக்கை நுழைக்காவிட்டாலும் சந்தையில் போட்டி தானாக நிலைக்கும் என்று நான் சாதித்தேன். என் மைத்துனர் சிரித்தார். எழுதியே நிரூபிக்கிறேன் என்று சத்தியம் செய்தேன்: கதையில் அரசாங்கம் கிடையாது, நானும் தலையிடமாட்டேன்.

2

அதிகாலைப் பனியில் அந்தத் தெரு... (வேண்டாம். முடிவெட்டும் கதைக்குப் பனி எதற்கு?)

எதிரெதிரே இரண்டு சலூன்கள். ஒருவர் விலையைக் குறைத்தார். மற்றவர் மசாஜ் இலவசம் என்றார். பார்த்தீர்களா, போட்டி! கதையில் காரம் வேண்டுமே என்று இருவரையும் சகலைகளாக்கினேன். (அங்கேதான் கோட்டைவிட்டேன். சகலைகள் என்றால் மாமனார் வீட்டில் சந்திப்பார்கள் அல்லவா?)

3

"சகலை, இப்படியே போனா ரெண்டு பேரும் கடையை மூடணும்."

"ஏன் மூடணும்? தலையில இடப்பக்கம் நீங்க வெட்டுங்க, வலப்பக்கம் நான்."

"காசு?"

"ஆளுக்கு முழுசா."

மறுநாள் ஒரு மாப்பிள்ளை வந்தார். அன்று மாலையே கல்யாணம். மூத்த சகலை இடப்பக்கத்தை வெட்டித் துண்டை உதறினார். மீதிக்கு எதிர்க்கடை. அங்கே பூட்டு தொங்கியது. வாடிக்கையாளர் எங்கே போய்விடப்போகிறார் என்று இளையவர் சினிமாவுக்குப் போய்விட்டார்.

"அண்ணே, நீங்களே வெட்டி விட்டுடுங்கண்ணே!"

"அது அவர் பக்கம் தம்பி. தொழில்ல நாணயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

4

மாற்று முடிவு அ: மூன்றாவது சலூன் திறக்கிறது. எழுதிப் பார்த்தேன். சகலைகள் அந்தப் புதுக் கடைக்காரருக்கு மீசையை ஒதுக்கிக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

மாற்று முடிவு ஆ: சத்தியத்தை மீறி ஓர் அதிகாரியை இறக்கினேன். இனி இந்தத் தெருவில் இரண்டே சலூன்தான் என்று சட்டம் போட்டார். அவருக்கு மட்டும் முழுத்தலையும் இலவசமாக வெட்டி அனுப்பினார்கள். (இந்த முடிவையும் அடித்துவிட்டேன்.)

5

கடைசியில் மாப்பிள்ளை என்னிடமே வந்தார்.

"சார், பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கும். ஒரு வரி எழுதுங்க, முடி போயிடும்."

கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினால் மைத்துனர் ஆயுசுக்கும் சிரிப்பார்.

"முடியாது தம்பி."

"வேற எழுத்தாளர் யாராவது இருக்காங்களா?"

"இந்தக் கதைக்கு நான் ஒருத்தன்தான்."

"அதான் கதை இந்த லட்சணத்துல இருக்கு" என்றார்.

சுருக்கென்றது. வாசகரே, அவர் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆரம்பத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது என் பக்கம்.