போ என்றால் வரும் பூனை

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஓவியரின் அறை. சுவர் முழுக்க நாயும் பூனையுமாகத் தொங்கின. நடுவில் ஓர் ஆமைகூட, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக. வீட்டில் வளர்த்த செல்லங்களைப் புகைப்படம் பார்த்து வரைந்து தருவதுதான் அவர் தொழில். படம் வரையச் சொல்லி வந்த பெண் கொடுத்த புகைப்படங்களை மேசையில் பரப்பிக்கொண்டே, "பூனைக்குப் பேர் என்னம்மா? கீழ எழுதணும்ல?" என்றார்.

"போ."

ஓவியர் நிமிர்ந்தார். "யாரு, நானா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக் கதையே அதுதான். மழைக்கு ஒதுங்கிய குட்டியை அம்மா துடைப்பமும் கையுமாக "போ, போ" என்று விரட்டினாள். குட்டியோ அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அவள் கத்தக் கத்த, வாலைத் தூக்கிக்கொண்டு காலடிக்கே ஓடி வந்தது. அதோடு அந்த வீட்டில் யாரையும் நிம்மதியாகப் போகச் சொல்ல முடியாமல் போயிற்று. "கடைக்குப் போ" என்றால் மகள் எழுந்திருப்பதற்குள் பூனை ஆஜர். "என் உயிரை வாங்கன்னே வந்திருக்கு" என்று அம்மா கரித்துக்கொட்டுவாள். கையோ மீன் தலையைத் தனியே எடுத்து வைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த "போ, போ" தெருமுனைவரை கேட்கும். அது காதில் விழுந்தால்தான் மகளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை. அம்மா தனியாக இருந்தாள். போன மாதம் கிழப்பூனையும் கண்ணை மூடிவிட்டது. "நான் வரட்டுமாம்மா?" என்று போனில் கேட்டதற்கு, "பூனை செத்ததுக்கெல்லாமா லீவு போடுவாங்க? உன் வேலையப் பாரு, போ" என்று பட்டென்று வைத்துவிட்டாள். வேண்டாம் என்கிறாளே என்று மகளும் சும்மா இருந்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் படம். வரைந்ததும் பார்சலில் அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

ஓவியர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஒண்ணுலகூட கேமராவப் பாக்கலையேம்மா. எல்லாத்துலயும் அண்ணாந்து எதையோ பாத்துக்கிட்டிருக்கு. அங்க என்ன இருக்கு?"

மகள் குனிந்து பார்த்தாள். ஒன்றின் ஓரத்தில் புடவைக் கரை. இன்னொன்றில் கால் விரல்கள். வேறொன்றில் துடைப்பத்தின் நுனி. அத்தனையையும் எடுத்தவள் அவளேதான். இத்தனை வருஷமாகக் கண்ணில் படவில்லை.

"எங்கம்மா இருக்காங்க. திட்டிக்கிட்டிருக்காங்க."

"திட்டு வாங்குற மூஞ்சியா இது? சாப்பிட வான்னு கூப்பிட்ட மாதிரியில்ல இருக்கு!"

அம்மாவின் "போ"வை ஒரு நாளும் நம்பாத ஒரே ஜீவன் அந்தப் பூனைதான். பெரிய படிப்பெல்லாம் படித்த மகள் மட்டும் ஒரே தடவை கேட்டுவிட்டு அப்படியே நம்பிவிட்டாள்.

"அப்படியே வரைங்க சார், மேல பாக்குற மாதிரியே. ஆனா பார்சல் வேண்டாம். நானே எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப கொஞ்சம் தாழ்வா மாட்டுங்க. அம்மா நின்னா அவங்க முகத்தப் பாக்கும்."

அடுத்த மாதம் கதவைத் திறந்த அம்மா இளைத்துப் போயிருந்தாள். "வர வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி!" என்றாள். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பையை வாங்கிவிட்டது.

சமையலறை வாசலை ஒட்டி, முழங்கால் உயரத்தில் மகள் ஆணி அடித்தாள்.

"படத்தை இங்கயா மாட்டுவாங்க? பெருக்கும்போது துடைப்பம் படும்."

"படட்டும்மா. அதுக்குப் பழக்கம்தானே."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள். மகள் முன்னறையில் துணிகளை எடுத்து வைக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது, அதட்டல் கொஞ்சமும் இல்லாமல்.

"போ."

மகள் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அம்மா படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"என்னம்மா, கூப்பிட்டியா?"

"உன்னை இல்லடி" என்றாள் அம்மா, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டே.