எதிர் வீடு

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்த ஜீவானந்தம் மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினான். போன வருஷம் பாஞ்சாலையின் களத்தில் கதிரோடு அடுக்கியிருந்த சாமைப் போருக்குத் தீ வைத்தது அவன்தானாம். ஆண்டவர் மன்னித்துவிட்டாராம், மனசு லேசாகிவிட்டதாம். சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. பாயில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வீடு சாமைச் சோறு பொங்கியபோது அவள் பிள்ளைகள் ரேஷன் அரிசிக்குக் காத்துக் கிடந்தார்கள். இந்தப் பாவி இப்போதும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீங்களும் மன்னிச்சிடுங்கக்கா," என்றார் பாஸ்டர்.

பாஞ்சாலை எழுந்தாள். "மேல இருக்கிற கர்த்தரைத் தேடிப்போய் மன்னிப்பு கேட்டுக்கினான். எதிர்ல இருக்கிற என் வூட்டுக்கு வர மட்டும் இவனுக்கு வழி தெரியலியா?"