ஒரே பேரில் இன்னொரு மலை

எழில்மதி டீத்தட்டோடு வாசலுக்கு வந்தபோது, குவார்ட்டர்ஸ் முன் போட்டிருந்த ஷாமியானாவுக்குள் அப்பாவோடு வேலை பார்த்த கொளஞ்சிநாதன், அப்பா ஏறிய மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் அவள் விடியற்காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். அப்பா ராயப்பன் ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அம்மா தனம் நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண்ணைக் குன்றாகக் கொட்டும் மெஷினை ஓட்டியவர் ராயப்பன். போன வருஷம் மனைவியோடு மகளைப் பார்க்கப் போனவர், அங்கே பென் ஜெரக் என்றொரு மலை இருப்பதையும், கேலிக் மொழியில் அதற்குச் சிவப்பு மலை என்று பொருள் என்பதையும் கேட்டுத் துள்ளினார்.

"நான் கொட்டுனதும் செவப்பு மலைதான். அதுல ஏறாம ஊருக்கு வரமாட்டேன்."

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அந்தப் பேரில் அங்கே பல மலைகள் உண்டு. அதில் இருப்பதிலேயே சின்னதை அம்மாதான் தேர்ந்தெடுத்தாள். "உங்கப்பாகிட்ட மூச்சு வுடாத" என்றாள். ஊர் திரும்பியதும் சுரங்க கேன்டீனில் அவர் பேச்சில் அந்த மலை நாளுக்கு நாள் வளர்ந்தது.

எழில்மதி டீயை நீட்டினாள். "சித்தப்பா, அது பெரிய மலை இல்ல. அம்மாவும் நானும் அவரை ஏமாத்திட்டோம்."

கொளஞ்சிநாதன் டீயை ஊதினார். "தெரியும்மா. அண்ணனே சொன்னாரு. உச்சியில நாயோட வந்த ஒரு பெரியவர்கிட்ட பேசிக்கினு இருந்தாராம். பெருசு வடக்கால இருக்குது, இது குட்டின்னு அவரு சொல்லிட்டாராம்."

அந்த வெள்ளைக்காரக் கிழவரோடு அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை, பின்னால் மூச்சிரைக்க ஏறி வந்த எழில்மதி பார்த்திருந்தாள்.

"அப்புறம் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நானும் கேட்டேன். 'கீழ கார்ல ஒருத்தி என்னை ஏமாத்திப்புட்டோம்னு சந்தோஷமா குந்திக்கினு இருக்கா. அதைக் கெடுக்கச் சொல்றியா'ன்னாரு."

கதவருகே ஏதோ சத்தம் கேட்டது. அம்மா நின்றிருந்தாள். அழுகிறாள் என்றுதான் எழில்மதி முதலில் நினைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹாலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழில்மதிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஷாமியானாவுக்குள்ளும் யாரோ சிரித்தார்கள்.

வடலூரிலிருந்து மாலைகள் வந்து இறங்கின. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய், ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படர்ந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். முகம் தெளிவாகத் தெரிந்ததும், ஆள்காட்டி விரலால் கண்ணாடியை மெல்லத் தட்டினாள்.