விரலுக்கும் ஒலிக்கும் நடுவில்

நிறுவ வேண்டிய பேக்கேஜ் தயார் என்று லேப்டாப் திரையில் கடைசி வரி விழுந்ததும் அவன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். சாதாரணமாகத் துள்ளுகிற ஆள் இல்லை. வீட்டு வரைபடங்கள் வரைபவன்; வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுபவன் என்பாள் மனைவி.

காலையிலிருந்து மல்லுக்கட்டு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், நாற்பது வயதில் கீபோர்டு கற்றுக்கொண்டு, இன்று மாலை முதன்முதலாக மேடை ஏறுகிறாள். தனக்கென்று குரல் இல்லாத கீபோர்டு அது. அவனுடைய பழைய லேப்டாப்புக்குள் போய்த்தான் ஒலியாக வெளியே வரும். வரும், ஆனால் பிந்தி வரும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பவனைப் போல. அந்த இமைப்பொழுதுத் தாமதத்தைப் பிடுங்கி எறியத்தான், லேப்டாப்பை உள்ளிருந்து இயக்கும் லினக்ஸ் கெர்னலையே தன் கையால் புதிதாகக் கட்ட உட்கார்ந்தான். முதலில் ஏதோ சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்று முரண்டு பிடித்தது. அது தனக்குத் தேவையே இல்லை என்று புரிந்து அமைப்புக் கோப்பில் அதைக் கேட்ட வரியைக் காலி செய்ததும் மடமடவென்று ஓடியது.

புது கெர்னலை நிறுவினான். லேப்டாப்பை நிறுத்தி மறுபடி இயக்கினான்.

"வா, வந்து அடிச்சுப் பாரு!"

அடித்தாள். ஒலியே இல்லை.

"முன்னாடி லேட்டா வந்துச்சு. இப்ப லீவே போட்டுடுச்சு."

"இரு."

"நான் இருப்பேன், கூட்டிட்டுப் போக வர்ற வேன் இருக்குமா? விடுங்க. லேட்டா வந்தாலும் பழசுலயே வாசிச்சுக்கிறேன்."

அவள் குரல் கடைசிச் சொல்லில் உள்ளே போனது. அவன் ஒவ்வொன்றாகச் சோதித்தான். மவுஸ் நகர்கிறது, வைஃபை இருக்கிறது, ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. கீபோர்டை மட்டும் யாரென்று கேட்கிறது கெர்னல். காலையில் சீக்கிரம் முடியட்டுமென்று ஒரு கட்டளை கொடுத்திருந்தான்: இப்போது இணைந்திருக்கும் கருவிகளுக்கானதை மட்டும் வை, மற்றதெல்லாம் வேண்டாம்.

"காலைல நான் ஆரம்பிச்சப்ப கீபோர்டு எங்க இருந்துச்சு?"

"உள் ரூம்ல. லொட்டு லொட்டுங்குது, கழட்டி எடுத்துட்டுப் போன்னு துரத்தினது யாராம்?"

அவன் சத்தமாகச் சிரித்தான். அவள் பயந்தே போனாள்.

"குடும்பப் போட்டோ எடுக்கறப்ப ஆளை வெளிய அனுப்பிட்டு, படத்துல ஏன் இல்லைன்னு தேடிட்டிருக்கேன்!"

"அப்ப மறுபடி முதல்லேர்ந்தா?"

"இல்ல இல்ல, விட்டுப்போன துண்டு மட்டும்தான்!"

கீபோர்டைக் கெர்னலுக்கு அடையாளம் காட்டும் ஒலி டிரைவரை அமைப்புக் கோப்பில் சேர்த்தான். வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின. அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுகாலுக்கு மறந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு வரிக்கும் "ம்... ம்..." என்றாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

நிறுவல். மறு ஏற்றம். கருப்புத் திரை. பிறகு கருவிகளின் வரிசையில் கீபோர்டின் பெயர் வந்து உட்கார்ந்தது.

மறுபடி ஹாரன். அவள் விரலைத் தூக்கினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விரலைப் பார்ப்பதா ஸ்பீக்கரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை; அதற்குள் விரல் இறங்கத் தொடங்கியிருந்தது.