நாற்பத்தொன்றாம் நம்பர் கை

...இந்த ஆள் இன்னும் எத்தனை தடவைதான் அந்தப் பதிவேட்டைப் புரட்டுவான், எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி விரலே தேய்ந்துவிடும், தேயட்டும், பத்தும் முழுசாக வைத்திருக்கிற கொழுப்பு, என்று நினைத்தபடி இவன் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தான், இரண்டு விரல் போன கையைப் பார்த்துக்கொண்டே பேசட்டுமே... நஷ்டஈட்டுக் குமாஸ்தா தாளைத்தான் பார்த்தார். "அடிபட்டது நாப்பத்தொண்ணாம் நம்பர் டோக்கன்னு இருக்கு. நீங்க அம்பத்தேழு. அம்பத்தேழு இந்த ஆறு வாரத்துல ஒரு நாள்கூட லீவு போடலையே." கைக்கு நம்பர் உண்டா என்ன, கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி டோக்கனைக் கேட்டுவிட்டா நசுக்கியது...

நாற்பத்தொன்று பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது, மனைவியின் தம்பி. துறைமுகத்தில் எல்லாரும் செய்கிறதுதான், ஒருத்தனுக்கு முடியாத நாளில் இன்னொருத்தன் அவன் டோக்கனைப் போட்டுக்கொண்டு இறங்குவது, மேஸ்திரி தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். அன்றைக்கு மச்சினனுக்குக் காய்ச்சல், வார லீவில் இருந்த இவன்தான் நாற்பத்தொன்றைப் போட்டுக்கொண்டு இறங்கினான், காய்ச்சலாம், மறுநாள் மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் வந்து நின்றான். அப்புறம் இவனுடைய ஐம்பத்தேழை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் வேலைக்கு இறங்கியாயிற்று, வேறு வழி, நாற்பத்தொன்றுக்குத்தான் பதிவேட்டில் கை நசுங்கிவிட்டதே... டோக்கனை எடுத்துக் கொடுத்தது யார், அவன் அக்காதான், தினமும் இவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுகிறவள், இன்று காலை மாட்டும்போது தம்பியைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று வாயைத் திறந்து சொன்னாளா, இல்லை, சொல்லாமலே கழுத்தை நெரிக்கிற குடும்பம். அவன் மட்டும் வாசலில் முனகினான், "உண்மையச் சொன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க மாமா." தூக்கட்டுமே, தூக்கினால் இரண்டு கையோடுதானே போவான்...

"இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. அன்னிக்கு நாப்பத்தொண்ணு டோக்கன்ல இறங்குனது யாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க." குமாஸ்தா நீட்டிய பேனா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. நான் ஏன் எழுத வேண்டும், தன் வாயால் ஒரு தடவை அவனே சொல்லட்டும், என்று இவன் தாளை மச்சினன் பக்கம் தள்ளினான். மச்சினன் பேனாவை வாங்கினான், இடது கையால்... வலது கை எங்கே, கால்சட்டைப் பையில், பஸ்ஸில் வரும்போதும் பையில்தான் இருந்தது, டிக்கெட்டைக்கூட இடது கையால்தான் வாங்கினான், குற்ற உணர்ச்சி, பாவம் என்றல்லவா இவன் விட்டிருந்தான்... பதிவேட்டின்படி அடிபட்டவன் அவன்தானே, அப்படியென்றால் நஷ்டஈடும் அவனுக்குத்தானா... "கைய வெளிய எடு மாப்ளே" என்றான். மச்சினன் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தான், நிதானமாக, இடது கையால் எழுதிப் பழகியவன்போல.