நர்ஸ் வீட்டு ஜன்னல்கள்

நர்ஸ் எழுதிய பதிவு நீக்கப்பட்ட அன்று, பிற்பகல் மூன்றே காலுக்கு, அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் சுவராகிவிட்டது. யாரும் செங்கல் வைத்து அடைக்கவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான். அவள் கணவர் பெயின்டர், இருபது வருஷமாகச் சுவர்களோடு புழங்குகிறவர். விரல் கணுவால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், நகத்தால் சுரண்டி முகர்ந்தும் பார்த்தார். "பழைய பூச்சு. வீடு கட்டினப்பவே பூசினது," என்று சொல்லிவிட்டு, இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போட்டார்.

அந்த வருஷம் காய்ச்சல் வெளிக்காற்றில்தான் வருகிறது என்று சுகாதாரத் துறை முடிவு செய்து, ஊரில் எல்லா ஜன்னல்களையும் மூடச் சொல்லியிருந்தது. ஆஸ்பத்திரியிலும் மூடினார்கள். நர்ஸின் வார்டில் நாற்பது கட்டில்கள். கோடியில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. மாற்ற ஆள் வரவில்லை. அதன் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆறு பேரும் பத்தாம் நாள் எழுந்து, தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்களில் பலரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னாள். "மேலே கேட்டுச் சொல்றேன்மா," என்றவர் மூன்று வாரம் அவள் கண்ணில் படவில்லை. பிறகுதான் அவள் இதை எழுதி, ஒரு ஜன்னலையாவது திறந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். பொது நலனுக்கு ஊறு என்று இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவன் அவள் கொழுந்தன். அதே வீட்டில் இருப்பவன், ஊர்க்கோடிக் கண்ணாடிக் கட்டடத்தில் பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலை. ஒரு பதிவுக்கு எட்டு நொடி. எழுதியவர் பெயர் திரையில் வராது. ஆனால் உடைந்த கண்ணாடியின் கதையை முந்தின நாள் சாப்பிடும்போதுதான் கேட்டிருந்தான்.

"அண்ணி, அதை எடுத்தது நான்தான்."

"தெரியும். கையைக் கழுவிட்டு உட்காரு."

"கேள்வி கேட்டா எடுக்கணும்னு விதி, அண்ணி."

"அப்ப இனிமே கேக்காம, நடந்ததை மட்டும் எழுதறேன்," என்றாள்.

எழுதினாள். அதை வேறு யாரோ எடுத்தார்கள். கூடத்து ஜன்னல் போனது. செத்தவர்களின் வயதை மட்டும் எழுதினாள். மாடி ஜன்னல் போனது. அதற்குள் ஊரே பழகிவிட்டிருந்தது. பஸ் டிரைவர் வீட்டில் ஒன்று மிச்சம், கணக்கு டீச்சர் வீட்டில் அதுவும் இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் தெருவிலேயே நின்று ஜன்னல்களை எண்ணிவிட்டு உள்ளே போனார்கள். வீட்டுத் தரகர்கள், "ஆறு ஜன்னல் சார், இதுக்கு முன்னாடி இருந்தவங்க வாயே திறக்காதவங்க," என்று சொல்லி வாடகைக்கு விட்டார்கள்.

மழை முடிந்த சமயம் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டின் கடைசி ஜன்னல் அவர் அறையில்தான் இருந்தது. நர்ஸ் அதைத் திறந்துவிட்டுத் திரையை மட்டும் இழுத்துவிட்டாள். நான்காம் நாள் கிழவி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். வார்டில் அன்று மட்டும் ஐந்து பேர் செத்திருந்தார்கள். நர்ஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் வெகுநேரம் நின்றாள்.

"அத்தை, ஜன்னலைத் திறந்தோம், நீங்க எழுந்துட்டீங்கன்னு எழுதணும். எழுதினா இந்த ஜன்னலும் போயிடும்."

"நாலு பேராவது படிப்பாங்களா?"

"எடுக்கறதுக்குள்ள படிப்பாங்க."

"எழுதும்மா. வெளியே என்ன இருக்கு, பக்கத்து வீட்டுச் சுவர்தானே."

பதிவு கொழுந்தனின் திரைக்கே வந்தது. உப்பு என்ற இடத்தில் அவனுக்கு அம்மா குரலே கேட்டுவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு நொடியும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது நொடியில் அது தானாகவே பக்கத்து மேஜைக்குப் போனது. அவன் எழுந்து ஓடி வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கட்டிலுக்கு மேலே சுவர்தான் இருந்தது. அன்றைக்கே கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள், வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். சுகாதாரத் துறை ரோந்துக்காரர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனார்கள். காய்ச்சல் திரும்பியது. ஆறாம் நாள் அம்மா போய்விட்டார்.

"நான் அழுத்தலைண்ணா," என்றான்.

"சரிடா."

"பக்கத்து மேஜைக்காரன் அழுத்தினான். நல்ல பையன்தான்."

தம்பி மறுபடி வேலைக்குப் போகவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, ஜன்னல்களைத் திறந்து வைப்பதே நல்லது என்று புதிய உத்தரவு வந்தது. பழையது என்று ஒன்று இருந்ததாக அதில் இல்லை. வீடு வீடாகச் சரிபார்க்க வந்த குமாஸ்தா நர்ஸின் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பொருந்தாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நர்ஸுக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது. இந்த முறை மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு நாள் ஆனது. கட்டில்கள், அடுப்பு, பீரோ, அம்மாவின் போட்டோ எல்லாவற்றையும் எதிரே காலிமனைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை அவள் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, மூடியிருந்த மாதங்களில் மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பினாள். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வாசல் கதவு சுவராகியது. பெயின்டர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் கூரைத் தகரத்தைப் போட்டுவிடலாம் என்று ஏணியைத் தூக்கினார். தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.