மூச்சு விட இடமில்லாத பாட்டு

ஒட்னி அதைச் சொன்னபோது என் வாயில் பாதி வாஃபிள் இருந்தது, மீதி கையில் இருந்தது.

"நம்ம பேண்டுக்கு நூறு வயசாகுதுல்ல? அதனால இந்தத் தடவை மே பதினேழு ஊர்வலத்துக்கு ஐவின் பாட்டு எழுதித் தர்றாரு. நானே மெயில் போட்டேன். ஒரே நாள்ல சரின்னுட்டாரு!"

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் முப்பது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வாஃபிள் இருந்ததால் சத்தம் வரவில்லை.

மே பதினேழு தேசிய நாளுக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் இசை எழுதுகிறேன். பேண்டை நடத்துகிறவளும் நான்தான். ட்ரோம்சோவில், பாலத்துக்கு இந்தப் பக்கம், பேண்டுக்கு முன்னால் கையில் கோலோடு நடக்கிற பொம்பளை என்றால் சின்னப் பிள்ளைகூட ராக்னா என்று சொல்லும். ஒட்னி பேண்டின் தலைவி, கிளாரினெட் வாசிப்பவள். பல் டாக்டரிடம் வேலை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் பெரிய ஆளாகிவிட்டால் கடையில் எதிரே வந்தாலும் கண்டுகொள்ளாமல் போவதுதான் மரியாதை. ஐவின் விஷயத்திலும் அந்த மரியாதையை நம்பித்தான் நான் இத்தனை வருடம் ஓட்டினேன். நேற்றுவரை 'நம்ம ஐவின்' என்றவள் இன்று 'எழுதித் தர்றாரு' என்கிறாள்!

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லயே ராக்னா? நீங்க பழைய சிநேகிதங்க வேற."

"எனக்கென்ன வருத்தம்? ஒரு வேலை மிச்சம்."

மீதி வாஃபிளையும் வாயில் திணித்துக்கொண்டேன்.

ஐவினும் நானும் ஒரே வகுப்பு. பதினேழு வயதில் அவன் அப்பாவின் கார் கொட்டகையில் ஒரு பழைய சிந்தசைசர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு எண்ணெய் அடுப்பு இவற்றை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினோம். அவன் மெட்டுப் போடுவான், நான் பாடுவேன். அவனுக்குப் பாட வராது. தொண்டை என்று ஒன்று இருப்பதே சளி பிடித்தால்தான் அவனுக்கு ஞாபகம் வரும். அதனால் அவன் மெட்டு எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நான் பென்சிலை எடுத்து, இங்கே மூச்சு, இங்கே மூச்சு என்று வரிக்கு மேலே சின்னச் சின்னக் கோடு போடுவேன். போட்டதும் அது பாட்டாகிவிடும். இது நானாகச் சொல்லிக்கொள்வது இல்லை. "நீ கோடு போட்டாத்தான் இதுக்கு உயிர் வருது ராக்னா" என்று அவனே சொன்னான்.

பிறகு ஓஸ்லோ போனான். என்னையும் கூப்பிட்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் பயம்.

அவன் ஓஸ்லோவிலிருந்து லண்டன் போனான். ஒரு ஸ்வீடன் பாடகிக்கு அவன் எழுதிய பாட்டு ஒரு கோடை முழுக்க எங்கேயும் ஒலித்தது. மீன் கடையில், பேருந்தில், படகில். பல் டாக்டர் என் பல்லில் துளை போட்டுக்கொண்டிருந்தபோதும் ஒலித்தது. ஒட்னி "நம்ம ஊர்ப் பையன்!" என்று சத்தத்தைக் கூட்டினாள். திறந்த வாயோடு, எழுந்து ஓடவும் முடியாமல், மூன்றரை நிமிடம் படுத்துக் கேட்டேன். அந்தப் பாட்டில் மூச்சு எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. யார் கோடு போட்டுக் கொடுத்தார்களோ.

அப்புறம் பாப் பாட்டு அலுத்துவிட்டதாம். ஐயா மின்னணு இசையமைப்பாளர் ஆனார். பனி உருகிச் சொட்டுகிற சத்தத்தைப் பதிவு செய்து ஒரு மணி நேர இசையாக்கினார். பெர்லினில் ஜனங்கள் தரையில் படுத்துக்கொண்டு கேட்டார்களாம். அதே சத்தத்தை நாங்கள் ஏப்ரல் முழுக்க ஈர பூட்ஸோடு ஓசியில் கேட்கிறோம். ஒரு பேட்டியில், 'நான் அமைதியான ஊரிலிருந்து வந்தவன்' என்றிருந்தான். அமைதியாம்! கொட்டகையில் இவன் போட்ட சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். அதே பேட்டியில், 'ஆரம்பத்தில் ஒரு தோழி பாடினாள்' என்று ஒரு வரி இருந்தது. ஒரு தோழி. பெயர்கூடக் கிடையாது.

ஊரில் சிலர் நாங்கள் காதலித்தோம் என்று நினைக்கிறார்கள். கர்மம். எனக்கு அவன் வேண்டியிருக்கவில்லை. அவனாக இருக்கத்தான் ஆசைப்பட்டேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவன் எழுதியது மெயிலில் எனக்கு வந்தது. சமையலறை மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். முதல் பகுதி சுலபம். மூன்றாவது பகுதியும் சுலபம். நடுப்பகுதிக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒன்றரை நிமிடம், ஓரிடத்தில்கூட இடைவெளி இல்லை. புல்லாங்குழலுக்கு இல்லை, கொம்புக்கு இல்லை, ஊதுகிற வாத்தியங்களிலேயே அதிக மூச்சு கேட்கிற டியூபாவுக்குச் சுத்தமாக இல்லை. கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டிருப்பான். கம்ப்யூட்டருக்கு ஏது நுரையீரல்?

பெரிய பேண்டு என்றால் டியூபாவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள், மாற்றி மாற்றி மூச்சு விடுவார்கள். எங்களிடம் இருப்பது ஒரே டியூபா, அதற்குப் பின்னால் ஒரே ஹல்வார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபத்தொரு வயது, போன வருடம்தான் நிமோனியாவில் கிடந்து எழுந்தார். தாளில் ஓய்வு போடாத இடத்தில் நிறுத்துவது அவரைப் பொறுத்தவரை சிவப்பு விளக்கில் போவது மாதிரி.

ஒரு போன் போதும். 'டேய், நடுவுல மூச்சு விட இடமில்லடா' என்றால் பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்பிவிடுவான். போனைக் கையில் எடுத்தேன். 'ஒரு தோழி' ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு அத்தனை தாளையும் எல்லோருக்கும் அப்படியே அச்சடித்தேன்.

செவ்வாய்தோறும் முதல் பகுதியும் மூன்றாவது பகுதியும் மட்டும் பழக்கினேன். "நடுவுல?" என்று ஒட்னி கேட்டாள். "அதுக்கு என்ன வேகம்னு எழுதினவனே வந்து சொல்லட்டும்" என்றேன். பொய் நாக்கில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஊர் பார்க்க, முப்பது பேர் நடுவில், அவன் பாட்டு குப்புற விழவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஹல்வார் மட்டும் வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ஏம்மா ராக்னா, இந்த நடுப்பகுதில மூச்சு எங்கம்மா விடுறது?"

"அவன் வர்றப்ப அவன்கிட்டயே கேளுங்க ஹல்வார்."

"நீ பாத்தியா இல்லயா?"

"பாத்தேன். அவனுக்குத் தெரியாததா?"

ஊர்வலத்துக்கு முந்தின சனிக்கிழமை ஐவின் வந்தான். தலையில் முடி போயிருந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். முழங்கை நைந்த கம்பளிச் சட்டையோடு நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்தான்.

"பயமா இருக்குடி ராக்னா. மனுஷங்க வாசிக்கிறதுக்கு எழுதி இருபது வருஷம் ஆச்சு. கிறுக்குத்தனமா ஏதாச்சும் பண்ணிருந்தேன்னா இப்பவே சொல்லிடு."

"நீ பண்ணுவியா? பெரிய ஆளு."

"அப்படிச் சொல்லாத. நெஜமாத்தான் கேக்கறேன்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவன் என் தோளைத் தட்டிவிட்டு ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் கோலை உயர்த்தினேன். "நடுப்பகுதி" என்றேன்.

இருபது நொடியில் புல்லாங்குழல்கள் கீச்சென்று அறுந்தன. கொம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒட்னி வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்துவிட்டு "அய்யோ" என்றாள். ஹல்வார் மட்டும் நிறுத்தவில்லை. முகம் பீட்ரூட் நிறமாகிக்கொண்டே போயிற்று, கண் பிதுங்கியது, அப்போதும் நிறுத்தவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே தாளம் போட்டேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, டியூபா தரையில் டமார் என்று விழுந்த பிறகும் என் கை இன்னும் இரண்டு தடவை வீசிற்று. எனக்கு முன்னால் அவரிடம் ஓடியது ஐவின்தான்.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் தூக்கி உட்காரவைத்ததும் ஹல்வார் கண்ணைத் திறந்தார்.

"தண்ணியா? எனக்கெதுக்குடா தண்ணி? மீனுக்கு எழுதின பாட்ட மனுஷன்கிட்ட குடுத்துட்டு, தண்ணி குடுக்கறானுங்க! செவுள் இருக்கறவன் வந்து வாசிக்கட்டும்!"

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தார்கள். ஐவின் சிரிக்கவில்லை.

"என் தப்பு ஹல்வார். முழுக்க என் தப்பு. நுரையீரல்னு ஒண்ணு இருக்கறதயே மறந்துட்டேன்." ஒட்னியின் தாள் தாங்கியில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். "சொல்லுங்க, எங்கெங்க வேணும்?"

"இங்க. இங்கயும். இந்த இடத்துல ரெண்டு."

"ரெண்டா?"

"எனக்கு எழுபத்தியொண்ணுடா தம்பி. மூணுகூடக் கேப்பேன்."

ஒவ்வொருவரிடமாகப் போனான். ஆளாளுக்குக் கத்தினார்கள், கிண்டலடித்தார்கள், "எனக்கு ஒரு காபி குடிக்கிற அளவுக்கு இடம் விடு" என்றாள் ஒருத்தி. அவன் வரிக்கு மேலே சாய்வாகச் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போனான். நான் போடுகிற அதே கோடு. கற்றுக்கொண்டுவிட்டான். எனக்கு இருந்த ஒரே வேலை அது. நான் நடுவில், பேண்டை நடத்துகிறவர் ஏறி நிற்கிற பெட்டி மேல், மரம் மாதிரி நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஹல்வார் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் மூணு வாரம் முன்னாடியே ராக்னாகிட்ட சொன்னேனே. போன் பண்ணி."

முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. ஒட்னியின் முகத்தில், செவ்வாய்தோறும் நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது தெரிந்தது.

ஐவின் தலை நிமிராமல் சொன்னான்: "ராக்னா எனக்குப் போன் பண்ணினா. ரெண்டு தடவை. நான்தான் ரெக்கார்டிங்ல இருந்தேன், எடுக்கல."

"அதானே பாத்தேன்" என்றாள் ஒட்னி. எல்லோரும் மறுபடி தாளைப் பார்க்கக் குனிந்தார்கள். அவன் மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்தது இரக்கம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. லண்டனை எடுத்துக்கொண்டான், பெர்லினை எடுத்துக்கொண்டான், ஊர்க் கூரையில் சொட்டுகிற தண்ணீரைக்கூட எடுத்துக்கொண்டான். இப்போது நல்லவன் என்ற பெயரையும் எடுத்துக்கொள்ளப் போகிறான், அதுவும் என் அழுக்கைத் துடைத்து. சீ! அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"பொய்" என்றேன். "நான் போனே பண்ணல. தாள் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். இவன் அவமானப்படட்டும்னுதான் வாயத் திறக்கல."

யாரோ ஒருவரின் நாற்காலி கிரீச்சிட்டது. ஐவின் பென்சிலைக் கீழே வைத்தான்.

ஹல்வார் என் பக்கம் திரும்பினார். "நான் செத்திருந்தா?"

"தெரியல."

"நாசமாப் போறவளே" என்றார் நிதானமாக. தரையில் கிடந்த டியூபாவைத் தூக்கி, நசுங்கிய விளிம்பைத் தடவிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். "கோல எடு. இவ்ளோ பாடுபட்டதுக்கு இந்தக் கண்ராவிய ஒரு தடவையாச்சும் முழுசா கேக்கணும். உன்ன அப்புறம் வெச்சுக்கறேன்."

கோலை எடுத்தேன். என் கண்ணை யாரும் பார்க்கவில்லை, கோலை மட்டும் பார்த்தார்கள். தொடங்கினோம். முதல் கோடு வந்த இடத்தில் முப்பது பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். அதன்பின் அந்த மெட்டு எழுந்து நடந்தது. ஒட்டுப்போட்ட பாட்டு இல்லை அது, தந்திரம் எதுவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்காது. எழுதியவனுக்கு அது தெரியாது, வாசித்தவர்களுக்கும் தெரியாது. அதை அளந்து பார்க்க அங்கே என்னைத் தவிர யாருக்கும் காரணமில்லை.

முடிவதற்குள் எனக்குக் கண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. கோலை இறக்கியதும் ஒட்னி எழுந்து வந்து வாஃபிள் தட்டிலிருந்து கை துடைக்கிற காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள்.

"சரி விடு. உணர்ந்துட்டேல்ல, அது போதும்" என்றாள்.

மனம் வருந்தி அழுகிறேன் என்று நினைத்தாள். இல்லையென்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தை வாங்கி மூக்கைச் சிந்தினேன்.